முகத்துவாரத்தில் யார் சொல் நிற்கும்? பெண் வழிகாட்டிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையில், ஆறு கடலில் சேரும் ஓர் இடத்தில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகிய சிறு படகு) பயணம் நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. உயிர்ச்சேதம் இல்லை, செய்தித்தாளிலும் வரவில்லை. ஆனாலும் விரிவாக எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். சாகசச் சுற்றுலாவில் பெண்களை வேலைக்குச் சேர்ப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். சேர்ந்த பெண் தலைமைப் பொறுப்பில் நின்று ஒரு முடிவு எடுக்கும்போது அந்த முடிவுக்கு என்ன கதி ஆகிறது என்று பேசுவதில்லை.

நான் நீர்விளையாட்டுப் பாதுகாப்புப் பயிற்சி தருபவள். சம்பவத்துக்கு அப்புறம் நிறுவன உரிமையாளர் என்னை அழைத்தார். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், தேதி எதையும் தரவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கரையும் ஆட்களும்

இந்தக் கரையில் ஆற்று வாய்கள் நிறைய. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு. கடலூரில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு. தெற்கே போனால் வெள்ளாறும் கொள்ளிடமும், அவற்றுக்கு நடுவே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும். ஆற்றுக்கு உள்ளே, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் நீர் அமைதியாக இருக்கும். முதல் தடவை துடுப்பு பிடிப்பவர்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடுவார். முகத்துவாரம் அப்படியல்ல. மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். போன மாதம் ஆழமாக இருந்த வழி இந்த மாதம் முழங்கால் அளவுக்குத் தூர்ந்து கிடக்கும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் குறைவாக எடைபோடுவதற்கு ஒரு காரணம் உண்டு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல்நீர் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். 'இவ்வளவுதானே' என்று தோன்றும். ஆனால் உப்பங்கழி முழுக்க நிரம்பிய நீர் அத்தனையும் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியேறவேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்த இழுப்பு துடுப்பு போடுகிறவரின் வேகத்தை மிஞ்சிவிடும். அதே நேரத்தில் கடலிலிருந்து காற்று எதிர்த்து வீசினால், வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதி, வாயில் அலை செங்குத்தாக எழும்பி உடையும். பார்ப்பதற்கு உயரம் பெரிதாக இருக்காது. கயாக்கைக் கவிழ்ப்பதற்கு அது போதும்.

நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. அன்றைய பயணத்தின் தலைமை, கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த பெண்ணிடம் இருந்தது. டிகிரி முடித்துவிட்டு, முதலில் போனில் புக்கிங் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். ஆள் குறைவான ஒரு நாளில் துடுப்பைக் கையில் எடுத்தார்; அப்புறம் கீழே வைக்கவில்லை. கடலுக்குப் போகும் குடும்பம் என்றாலும் இந்தக் கரையில் பெண்கள் படகேறுவது வழக்கமில்லை. அம்மா மீன் கூடை சுமந்தவர். ஆனால் கரையில் நின்று அப்பாவோடு பேசிப் பேசியே, எந்தத் திசைக் காற்றுக்கு வாய் எப்படி மாறும் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரையில் அவரை லீடர் என்றே குறிப்பிடுகிறேன். அன்று பணிப்பட்டியலில் அவர் பெயருக்கு நேராக எழுதியிருந்ததும் அதுதான்.

அன்று நடந்தது

மாசி மகம் முடிந்த கையோடு வந்த வார இறுதி. தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் ஏற்றவற்றம் அதிகம். வெளி மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்களும் ஒரு பேராசிரியரும் வந்திருந்தார்கள். வாய்க்கால் வழியாகப் போய், முகத்துவாரத்தைத் தாண்டி, கடற்கரையில் இறங்கித் திரும்புவது என்று பணம் கட்டியிருந்தார்கள். அவர்கள் வந்த பேருந்து தாமதம். கரையில் இறங்கும்போது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. காலையில் நிரம்பியிருந்த நீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. கடல்காற்றும் எழ ஆரம்பித்திருந்தது.

லீடர் முகத்துவாரம் வரை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னிக்கு வெளியே போக வேண்டாம் சார். உள்ளே சுரபுன்னை வாய்க்கால்ல நல்லா நேரம் எடுத்துச் சுத்திக் காட்டுறோம்" என்றார். காரணத்தையும் சொன்னார். பேராசிரியர் கேட்டுக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, "சார் யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட பேசறேன்" என்றார்.

பக்கத்தில் இரண்டு இளைய வழிகாட்டிகள் நின்றிருந்தார்கள். இருவரும் ஆண்கள், லீடரை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். பேராசிரியர் அவர்களில் ஒருவரிடம் பேச ஆரம்பித்தார். அதற்குள் ஒரு மாணவர், நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டார். சென்னையில் இருந்த உரிமையாளர் எடுத்தார். கூட்டம் முழுசாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் என்று பயந்தார். லீடரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "பாப்பா, நீ உள்ளேயே இரு. வெளியே போகணும்னு சொல்றவங்களைத் தம்பி கூட்டிட்டுப் போகட்டும். அவன் பாத்துப்பான்" என்றார். தண்ணீரைப் பார்க்காமல், நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து எடுத்த முடிவு.

தம்பி, அதாவது அந்த இளைய வழிகாட்டிகளில் ஒருவர், நான்கு இரட்டைக் கயாக்குகளோடு போனார். வாயில் இரண்டு கவிழ்ந்தன. ஒன்றிலிருந்த இருவர் மணல்திட்டில் கால் ஊன்றிக்கொண்டார்கள். மற்ற இருவரை நீர் கடலுக்குள் இழுத்தது. ஒருவருக்கு லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது. கை நீட்டித் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. கரை திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகுக்காரர் ஒருவர் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். இன்னொருவரை, உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டு வந்த லீடர், இழுவைக் கயிறு கட்டி அலை உடையாத பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். தோள் பிசகல் ஒருவருக்கு. சிப்பி கிழித்த காயங்கள் இரண்டு மூன்று பேருக்கு. அவ்வளவோடு போயிற்று.

மறுநாளிலிருந்து லீடர் வேலைக்கு வரவில்லை.

'பயந்துட்டாங்க'

உரிமையாளர் எனக்குப் போன் செய்தபோது சொன்னது இது: "பொண்ணு பயந்துட்டாங்க மேடம். நீங்க வந்து கொஞ்சம் தைரியம் சொல்லுங்க." அவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். தண்ணீரில் ஆபத்தைப் பார்த்த ஒரு பெண் விலகினால் காரணம் பயமாகத்தான் இருக்கும் என்று நாம் எல்லோருமே எவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம்.

லீடர் என்னிடம் சொன்னது வேறு. "எனக்குக் கடல் பயமில்லக்கா. நான் வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் என் கண்ணு முன்னாடியே பசங்க போனாங்க. ஏதாவது ஆயிருந்தா லீடர் யாருன்னு என்னைத்தான் கேட்டிருப்பாங்க. பொறுப்பு மட்டும் எனக்கு, பேச்சு வேற ஒருத்தருக்குன்னா அந்த வேலை எனக்கு வேணாம்."

இந்த ஆய்வின் மையம் அந்தக் கடைசி வாக்கியம்தான். பெண் வழிகாட்டிகளுக்கு ஆதரவு என்று நாம் பட்டியல் போடுவதெல்லாம், அதாவது உடை மாற்ற அறை, பயிற்சிக் கட்டணம், போக்குவரத்து எல்லாமே, அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அது வேண்டாம்தான் என்ற நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அது இல்லையென்றால் மற்றவை அனைத்தும் வசதிகள் மட்டுமே, தலைமை ஆகாது.

தம்பியிடமும் பேசினேன். அவர்மேல் பழியைப் போடுவது எளிது, ஆனால் சரியாகாது. "அக்கா சொன்னது சரின்னு எனக்கும் தெரியும். ஆனா ஓனர் என் பேரைச் சொல்லிட்டாரே. போகலைன்னா நானும் பயந்தவன்தானே" என்றார். பெண்ணின் எச்சரிக்கையைப் பயம் என்று பெயரிடும் இடத்தில், ஆணுக்கு எச்சரிக்கையாக இருக்கும் உரிமையே போய்விடுகிறது. இதை நான் வேறு கரைகளிலும் பார்த்திருக்கிறேன். பயணம் நடத்தும் ஆண்கள் இதைத் தங்கள் பிரச்சினையாகவும் பார்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பயணப் பதிவேடு சொன்னது

பேராசிரியரின் கேள்வியோடு இதை முடித்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் எங்கிருந்தோ ஒரு நம்பிக்கையைச் சுமந்து வருகிறார். அதை நிறுவனம் உறுதிப்படுத்துகிறதா, உடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் முந்தைய ஒரு வருடத்துப் பயணப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

பள்ளிக் குழந்தைகள், குடும்பங்கள், 'லேடீஸ் பேட்ச்', சூரிய உதயப் பயணம் இவற்றுக்கெல்லாம் லீடரின் பெயர் வரிசையாக இருந்தது. முகத்துவாரம் தாண்டும் பயணங்களில் அவர் பெயர் அபூர்வம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. குழந்தைகள் என்றால் அவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், பெண்கள் என்றால் அவர்கள் கூச்சமில்லாமல் இருப்பார்கள், கல்லூரிப் பையன்கள் என்றால் ஆண் கைடு நல்லது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் அக்கறையாகத்தான் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து, அவருடைய அனுபவக் கணக்கை ஒரே பக்கமாக ஒதுக்கிவிட்டன.

இந்தத் துறையில் அனுபவக் கணக்கு என்பது சாதாரண விஷயமல்ல. ஸ்கூபா டைவிங்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் டைவ்மாஸ்டர், அதாவது மூழ்குவோருக்கு வழிகாட்டும் நிலைக்கான பயிற்சியைத் தொடங்கவே 40 முறை மூழ்கிய பதிவு வேண்டும், முடிக்க 60. பயிற்றுநர் தேர்வுக்கு 100. இமயத்தில் உத்தரகாசி, டார்ஜிலிங் போன்ற மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலை. அதையும் தாண்டித்தான் கற்பிக்கும் பயிற்சி. கடினமான பயணங்கள் ஒருவருக்குத் தரப்படவே இல்லையென்றால், இரண்டு வருடம் கழித்து 'அவங்களுக்கு அனுபவம் இல்லையே' என்ற சொல் உண்மையாகவே ஆகிவிடும். அந்த உண்மையை உருவாக்கியது நாம்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மேலே நிறுத்தி வைத்திருந்த படம் லீடருடையது. முகத்துவாரத்து அலையில் துடுப்பை உயர்த்திச் சிரிக்கிறார். அந்த அலைக்கு அவரை அனுப்பியதோ அரிது. உரிமையாளரிடம் படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "இதை மாத்தணும் மேடம், என்ன செய்யணும் சொல்லுங்க" என்றார். அவரைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு இருக்கும் முக்கியக் காரணம் அந்தக் கேள்வி.

என்ன மாற்றினோம்

முதலில் அதிகாரம். மூன்று வரியில் எழுதி, வரவேற்பு மேசைக்குப் பின்னால் எல்லோரும் படிக்கும்படி மாட்டினோம். கரையில் நிற்கும் லீடர் பயணத்தைச் சுருக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். அவருக்கு மேலிருப்பவர் அதை இன்னும் கடுமையாக்கலாமே தவிர, தளர்த்தக்கூடாது. குழுவில் யார் 'வேண்டாம்' என்று சொன்னாலும், அவர் பயிற்சியில் இருப்பவராகவே இருந்தாலும், நின்று பேசிவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

எழுதுவது சுலபம். அது நிலைக்க வேண்டுமானால் பணத்தை அந்த நேரத்திலிருந்து விலக்கி வைக்கவேண்டும். அன்று உரிமையாளரை அசைத்தது பெண்மேல் இருந்த அவநம்பிக்கையைவிட, பணத்தைத் திருப்பித் தரவேண்டுமே என்ற பயம்தான். அதனால் புக்கிங் போதே சொல்லிவிடுவது என்று வைத்தோம்: முகத்துவாரம் தாண்டுவது அன்றைய கடலைப் பொறுத்தது, முடியாவிட்டால் உள்வாய்க்கால் பயணம், அதற்குரிய கட்டணம் போக மீதி திரும்பத் தரப்படும். லீடர் 'வேண்டாம்' என்று சொன்ன நாளில் வழிகாட்டிகளின் கூலி குறையாது. இந்தக் கடைசி விதிக்கு உரிமையாளர் ஒத்துக்கொள்ள நாள் பிடித்தது. நானும் விடவில்லை. கூலி போகும் என்றால் எந்த வழிகாட்டியும் வானத்தைப் பார்க்கும்போதே பையையும் தொட்டுப் பார்ப்பார்.

அடுத்தது அறிமுகம். குழு வந்ததும் முதலில் பேசுவது யார், லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது யார், நடுவில் நிற்பது யார் என்பதிலேயே பாதித் தலைமை முடிவாகிவிடுகிறது. முன்பு ஆண் கைடுகள் பாதுகாப்பு விளக்கம் சொல்வார்கள். லீடர் உறுதிமொழிப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார். இப்போது விளக்கம் லீடருடையது. தொடங்குமுன் தம்பிகளில் ஒருவர் சொல்கிறார்: "இன்னிக்கு எங்க லீடர் இவங்க. தண்ணில இவங்க சொல்றதுதான், எங்க ஓனருக்கும் அதேதான்." 'சார் இருக்காங்களா' என்று யாராவது கேட்டால், கேட்கப்படும் ஆண் "அக்காகிட்ட கேளுங்க சார்" என்று மட்டும் சொல்லவேண்டும். பதில் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆறு மாதம் கழித்து லீடரிடம், எது அதிகம் உதவியது என்று கேட்டேன். இதைத்தான் சொன்னார்.

பணிப்பட்டியலைச் சுழற்சிக்கு மாற்றினோம். லேடீஸ் பேட்ச்சும் பள்ளிக் குழந்தைகளும் ஆண்களுக்கும் வரும். முகத்துவாரம் எல்லோருக்கும் வரும். வாடிக்கையாளர் பெண் வழிகாட்டி வேண்டும் என்று தாங்களாகக் கேட்டால் தருகிறார்கள்; அது நியாயமான தேவை. நிறுவனமே முன்கூட்டி முடிவு செய்வதில்லை. தம்பிகள் குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பது எதிர்பாராமல் கிடைத்த நன்மை.

பயிற்சிக்கு வந்தால், அதில் பாதி இந்தக் கரையிலேயே கிடைத்தது. அன்று ஒருவரைத் தூக்கிக் காப்பாற்றிய ஃபைபர் படகுக்காரரையே கேட்டோம். வாரம் ஒரு நாள் அவர் படகில் எல்லா வழிகாட்டிகளும் வாய்க்குப் போய், மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் அலை உடைகிறது என்று பார்த்து வரைந்துகொண்டு வருகிறார்கள். மீதிப் பாதி சான்றிதழ். கோவாவில் உள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் உயிர்காப்பு, விசைப்படகு ஓட்டுதல் ஆகியவற்றுக்குப் பயிற்சி தருகிறது. லீடரை அனுப்ப உரிமையாளர் தயாராக இருந்தார். ஆனால் திரும்பி வந்து இரண்டு வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் வேண்டும் என்றார். கல்யாணம் ஆகிப் போய்விட்டால் செலவு வீண் என்பது அவர் கவலை. ஆண் கைடு ஒருவரை முன்பு அனுப்பியபோது அந்த ஒப்பந்தம் கேட்கவில்லையே என்று நினைவூட்டினேன். அந்தக் கைடு துபாய்க்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துத்தான். ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

உடம்பு, உடை, பொருள்

லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாம் ஆண்களின் மார்பளவுக்கு வாங்கியவை. தோளில் சரியாக நின்றாலும் இடுப்பில் தளர்ந்து, தண்ணீரில் விழுந்ததும் மேலே ஏறிவிடும். அன்று காது வரை ஏறியது ஓர் ஒல்லியான மாணவருக்கு. பெண் வழிகாட்டிகள் இதைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்பதே பதிலாக இருந்தது. சிறிய அளவுகளும், கால்களுக்கு இடையே வாரும் உள்ளவை சிலவும் வாங்கியதில் எல்லோருக்கும் பயன். துடுப்பிலும் நீளம் குறைந்தவை வந்தன.

பெண்களால் கயாக்கைத் தூக்க முடியுமா என்ற கேள்வி வேலைக்கு எடுக்கும்போதே வந்துவிடுகிறது. இரட்டைக் கயாக் முப்பது கிலோவுக்குமேல் இருக்கும். தனியாளாகத் தூக்கினால் ஆணுக்கும் இடுப்பு போகும். இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்து, யாரும் தனியாகத் தூக்கக்கூடாது என்று சொன்னதோடு அந்தக் கேள்வி முடிந்தது. தண்ணீரில் கவிழ்ந்தவரை மீண்டும் ஏற்றுவதும் வலிமையைவிட முறையைப் பொறுத்தது. கயாக்கின் முனையைத் தன் கயாக்மேல் ஏற்றி, நீரை வடியவிட்டு, நிமிர்த்தி, பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டால் தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ளவரையும் ஏற்றலாம். லீடர் இதை உரிமையாளரை வைத்தே செய்து காட்டினார்.

கழிவறை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கரையில் பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் ஓர் அறை இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு அதனால் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வரும். மயங்கும் நிலையில் இருக்கும் லீடர் மற்றவர்களுக்கும் ஆபத்து. அறை கட்டினார்கள். மாதவிடாய்க்கென்று தனி விதி வைக்கலாமா என்று கேட்டபோது பெண்களே வேண்டாம் என்றார்கள். யார் எந்த நாள் விலகுகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள் என்றார்கள். பதிலாக, காரணம் சொல்லாமலே மாதத்தில் சில முறை தண்ணீர் வேலையைக் கரை வேலையோடு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம். ஆண்களும் பயன்படுத்துகிறார்கள். இரவு தூங்காமல் வந்தவர் வாய்விட்டுச் சொல்லாமலே விலக ஒரு வழி இருப்பது பாதுகாப்புக்கு எவ்வளவு நல்லது என்று சொல்லவேண்டியதில்லை.

புதுச்சேரி வார இறுதி என்றால் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பெண் வழிகாட்டிகள் அதிகம் சங்கடப்பட்டது இதில்தான். குடித்தவரைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்பது இப்போது தட்டமுடியாத விதி; சொல்வது லீடர், அவரை வெளியே அழைத்துப் போவது மற்றவர்கள். தொல்லை தருபவர் வாடிக்கையாளராக இருந்தாலும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலையிடத்துக்கு வந்துபோகும் ஆட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தரும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. வேலைக்காகப் போகும் இடமும், போகும் வண்டியும்கூட வேலையிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் உள் புகார்க் குழு கட்டாயமில்லை. அங்கே வேலை செய்யும் பெண் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். முதலாளிமேலேயே புகார் என்றாலும் அங்கேதான். நம் கரையில் உள்ள சாகச நிறுவனங்களில் பல இந்த அளவுதான். அங்கே வேலை செய்யும் பெண்கள் இந்த ஒரு தகவலையாவது தெரிந்துவைத்திருக்கவேண்டும். பயிற்சியில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

வீடும் ஊரும்

சூரிய உதயப் பயணத்துக்கு நாலரை மணிக்குக் கரையில் இருக்கவேண்டும். கடலூர்ப் பக்கத்திலிருந்து இருட்டில் ஸ்கூட்டியில் தனியாக வருவது லீடருக்குப் பழகிவிட்டது, ஊருக்குப் பழகவில்லை. 'பொம்பளப் புள்ள விடியறதுக்கு முன்ன எங்க போவுது' என்ற பேச்சு அம்மாவின் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. நிறுவனத்தின் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வது என்று ஆனபின் பேச்சு அடங்கியது. வண்டியில் ஊர்ப் பையன் ஒருவரும் வேலைக்கு வருகிறார் என்பதும் ஒரு காரணம்.

அப்பாவின் எதிர்ப்பு வேறு வகை. கடல்தொழிலில் பெண் எதற்கு என்பவர். அவரோடு பேசியபோது நான் வாதாடவில்லை, தெரிந்ததைச் சொன்னேன். ராமநாதபுரம் கரையில் பெண்கள் தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, அந்தப் பெண்களின் உரிமைக்காக நின்றதற்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் பரிசு பெற்றார். பிச்சாவரம் பக்கத்தில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு, ஐஎன்எஸ்வி தாரிணி பாய்மரக் கப்பலில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். கப்பலில் அவர்கள் இருவர் மட்டும். காற்று மாறும்போது பாயைச் சுருக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்களும் அவர்களே.

அந்தக் கடைசி விவரம் அவரைத் தொட்டது. "பாயைச் சுருக்கறதுதான் கஷ்டம். விரிக்க எவனும் விரிப்பான்" என்றார். மகள் அன்று வாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன கதையை அதற்கப்புறம்தான் முழுசாகக் கேட்டார். நேரம், காற்று, நீர் எல்லாவற்றையும் விசாரித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். மகளிடம் நேராகச் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். நான் போய் மகளிடம் சொன்னேன்.

தலைமை என்பதைப் பற்றி யோசிக்கும்போது பச்சேந்திரி பாலின் பெயர் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1984-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். 1993-இல் இந்திய-நேபாளப் பெண்கள் எவரெஸ்ட் குழுவுக்கும், 1994-இல் ஹரித்வாரிலிருந்து கொல்கத்தா வரை கங்கையில் போன பெண்கள் படகுப் பயணத்துக்கும் தலைமை தாங்கியவர் என்பதை அவ்வளவாகப் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் தலைமை தாங்கியதுதான் பெரிது. உச்சியில் நிற்பது ஒரு நாள். யார் மேலே போகலாம், யார் திரும்பவேண்டும் என்று மற்றவர்களின் உயிருக்காக முடிவெடுப்பது தினமும்.

மிச்சம் இருப்பவை

லீடர் வேலைக்குத் திரும்பினார். இப்போது முகத்துவாரப் பயணங்களில் ஆண்களுக்குச் சமமாக அவர் பெயர் இருக்கிறது. திரும்பியபின் வேறொரு நாள் பயணத்தை நிறுத்தினார். உரிமையாளர் பேசாமல் பணத்தைத் திருப்பினார். புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருவர் என்சிசி கடற்படைப் பிரிவில் பாய்மரப் படகு ஓட்டியவர், நன்றாக வருவார். இன்னொருவர் சில மாதங்களில் விலகிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்களாம். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. நிறுவனம் செய்யக்கூடியது, அவர் திரும்பி வந்தால் பழைய அனுபவக் கணக்கோடு சேர்த்துக்கொள்வது. அதற்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கர்ப்ப காலம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஸ்கூபாவில் கர்ப்பிணிகள் மூழ்கக்கூடாது என்பது மருத்துவர்களின் தெளிவான அறிவுரை. கயாக்கில் முகத்துவாரமும் வேண்டாம். சட்டப்படியான 26 வாரச் சம்பள விடுப்பு பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் பயிற்சி வகுப்பு எடுப்பது, பாதை திட்டமிடுவது, கரையிலிருந்து பயணத்தைக் கண்காணிப்பது ஆகியவற்றை லீடர் நிலைச் சம்பளத்தோடு தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் கரை மூடிவிடும், கூலி இல்லை. ஆண் கைடுகள் படகு வேலை, டிரைவர் வேலை என்று வெளியே போய்விடுவார்கள். மழை விட்டதும் திரும்புவார்கள். பெண்கள் வீட்டுக்குள் போனால் வீட்டு வேலை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. தை பிறந்து திரும்பக் கூப்பிடும்போது வீட்டில் விட மனசு வருவதில்லை. விலகிய பெண்ணும் அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் விலகினார். அந்த மாதங்களில் பாதிச் சம்பளமாவது கொடுத்து, பொருள் பழுதுபார்ப்பது, முதலுதவிப் பயிற்சி, பள்ளிகளில் நீர்ப்பாதுகாப்பு வகுப்பு என்று வேலையில் வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறேன். உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த புரட்டாசிக்குள் பதில் வேண்டும் என்று லீடரே அவரிடம் தேதி கேட்டிருக்கிறார்.